ஒரு பேரிங் மாற்றியும் உறுமல் போகவில்லை, அடுத்து எதைக் கழற்றுவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேகம் 60-ஐத் தாண்டினால் அடியிலிருந்து ஓர் உறுமல். வலது முன்சக்கரத்தில் கேட்பதுபோல் இருந்ததால் அந்தப் பக்கத்து வீல் பேரிங்கை மாற்றிவிட்டேன், சத்தம் அப்படியே இருக்கிறது. வண்டியை வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, இடப்பக்கம் திருப்பினால் குறைகிறது. இப்போது இடது பக்கத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். நம்பி மாற்றலாமா? நானே செய்ய முடியுமா?"

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வலப்பக்கம் திருப்பும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். தேய்ந்த பேரிங் எடை ஏறினால் கத்தும், எடை இறங்கினால் அடங்கும். ஆக, சந்தேகம் முதலிலேயே இடது பக்கத்தின் மேல் விழுந்திருக்க வேண்டும். பிக்கப்பில் காதை மட்டும் நம்பி இடம் சொல்ல முடியாது. சக்கரத்தில் எழும் அதிர்வு சேசிஸ் வழியாக ஏறி வேறெங்கோ ஒலிக்கும், முன்னா பின்னா என்றுகூட ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சொல்வது கஷ்டம்.

அதற்காக உடனே இடது பேரிங்கை வாங்கிவிடாதீர்கள். இந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் வராது. இப்போதைய ஹப்களில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) பேரிங்கின் உருளும் பகுதி இரண்டு வரிசையாக இருக்கும், எந்த வரிசை தேய்ந்தது என்பதைப் பொறுத்து எதிர்ப்பக்கம் திருப்பும்போதுகூடச் சத்தம் கூடலாம். அதோடு இடது பக்கம் என்றால் இடது முன்னும் இருக்கிறது, இடது பின்னும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பேரிங்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

முதலில் ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லாத நேரான சாலையில் 80-க்குக் கொண்டுபோய் கியரை நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள் (எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும்). எஞ்சின் வேகம் இறங்கியும் உறுமல் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அது குறைகிறது என்றால் எஞ்சின் பக்கம் போக வேண்டாம். அப்புறம் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி. அது கத்தினால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது இன்னொரு மாதிரியும் கேட்கும். வீல் பேரிங்குக்கு உங்கள் கால் என்ன செய்கிறது என்பது பற்றிக் கவலையே இல்லை, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதுதான் கணக்கு.

இனி டயர். பேரிங் என்று சொல்லிக் கழற்றப்படுவதில் கணிசமான பங்கு டயர் சத்தம்தான், அதிலும் பட்டன் பெரிதாக இருக்கும் பிக்கப் டயர்கள் சீராகத் தேயாவிட்டால் பேரிங்கைப் போலவே உறுமும். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் மறு திசையில் ரம்பப் பல்லைத் தடவுவதுபோலவும் இருந்தால் அந்த டயர் சத்தம் போடத்தான் செய்யும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தத்தின் இடமோ தொனியோ மாறினால் டயர். கொஞ்சமும் மாறாவிட்டால் பேரிங் பக்கம் வரலாம். வழவழப்பான தாரில் குறைந்து, சொரசொரப்பான கான்கிரீட்டில் கூடுவதும் டயரின் குணம்தான். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை.

பேரிங்தான் என்று தோன்றினால் வண்டியைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டவே கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) டூ வீலில் இருக்கட்டும், முன்சக்கரம் தனியாகச் சுற்ற வேண்டும். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் 'டொக்டொக்' என்று ஆடினால் சஸ்பென்ஷன் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டைப் பாருங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராட் முனையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஹப்போடு சேர்ந்து வரும் மூடிய பேரிங்குகள் நன்றாகக் கத்த ஆரம்பித்த பிறகும் கொஞ்ச காலம் ஆட்டமே காட்டாது. அதற்குக் கைதான் கருவி: சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். தேய்ந்த பேரிங் என்றால் மணலை அரைப்பதுபோன்ற ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும், காதுக்குக் கேட்காதபோதுகூட. பிரேக் பேட் டிஸ்கில் உரசும் 'ஸ்ஸ்' சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், சந்தேகமாக இருந்தால் காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) கழற்றிவிட்டு ஹப்பை மட்டும் விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நான்கு சக்கரத்திலும் இதைச் செய்யுங்கள், நீங்கள் புதிதாகப் போட்ட வலது பக்கம் உட்பட. புதியது என்பதால் அதற்கு விலக்கு கிடையாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வேறு இரண்டு தடயங்கள் உண்டு. பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பக்க ஹப்பின் நடுவிலும் சூடு பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாக அதிகமாக இருந்தால் அங்கே கோளாறு, ஆனால் பிடித்துக்கொண்ட காலிப்பரும் இதே சூட்டைக் கொடுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஏபிஎஸ் விளக்கு அவ்வப்போது எரிவதும் ஒரு குறிப்பு, பேரிங் ஆடும்போது சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சாருக்கும் அதன் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறிப்போகும்.

சரி, இடது முன் பேரிங்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்களே செய்யலாமா என்பது உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டாக வந்து நக்கிளில் (ஹப்பைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்பும் இரும்புப் பாகம்) மூன்று நான்கு போல்ட்டில் நிற்கும் வகை என்றால் தாராளமாகச் செய்யலாம். பழைய பாணியில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் என்றாலும் செய்யலாம். 1898-இல் ஹென்றி டிம்கன் காப்புரிமை வாங்கிய அதே சாய்வு உருளை வடிவம்தான் அது, எடையையும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்தே தாங்கும், கழற்றிக் கழுவி கண்ணால் பார்க்க முடியும் என்பதால் எனக்கு இன்றும் பிடித்த வகை. நக்கிளுக்குள் அழுத்திச் செருகப்பட்ட வகையாக இருந்தால் மட்டும் நக்கிளைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றுவதாக யாராவது சொன்னால் நக்கிளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதற்குக் காரணம் இதுதான்: பேரிங்குக்கு உள்வளையம், வெளிவளையம், நடுவே உருளும் குண்டுகள். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகளைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மாட்டும்போது கைக்கும் தெரியாது, சில ஆயிரம் கிலோமீட்டரில் உறுமல் தொடங்கும். சில சமயம் முதல் நாளே. உங்கள் வலது பேரிங் இப்படி ஏற்றப்பட்டிருந்தால் பழைய சத்தத்தோடு புதிய சத்தமும் சேர்ந்திருக்கலாம், அதனால்தான் அதையும் சோதிக்கச் சொன்னேன்.

போல்ட் வகையில் வேலை நேரடியானது. ஃபோர் வீல் டிரைவ் என்பதால் நடுவில் டிரைவ் ஷாஃப்ட் நட்டு இருக்கும், சக்கரம் தரையில் இருக்கும்போதே அதை இளக்கிக்கொள்வது சுலபம். இளக்கியபின் வண்டியை உருட்டாதீர்கள். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடக்கூடாது. ஏபிஎஸ் சென்சாரின் ஒயரை, அது பிடித்திருக்கும் கிளிப் ஒவ்வொன்றையும் பார்த்து விடுவித்தபிறகே ஹப்பைத் தொடுங்கள்.

ஹப் நக்கிளில் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். பின்பக்க போல்ட்டுகளை முழுதும் கழற்றாமல் சில சுற்று மரையில் விட்டு, அவற்றின் தலையில் மாற்றி மாற்றி அடித்தால் ஹப் சமமாக வெளியே வரும். கழன்றதும் நக்கிளின் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அங்கே ஒரு துருச் செதில் மிச்சமிருந்தாலும் ஹப் சாய்ந்து உட்காரும், பிரேக் பிடிக்கையில் பெடல் அதிரும், அப்புறம் டிஸ்க் வளைந்துவிட்டது என்று அதையும் மாற்றுவார்கள்.

தனிப் பேரிங் வாங்கினால் ஒரு பக்கத்து சீல் கருமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஏபிஎஸ் வேகத்தைப் படிக்கும் காந்த வளையம் அதில்தான் இருக்கும், அது சென்சாரைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பிப் போட்டால் பேரிங் ஒழுங்காகவே ஓடும், விளக்கு மட்டும் அணையாது. இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் அதைக் கவிழ்த்து வைக்காதீர்கள்.

டிரைவ் ஷாஃப்ட் நட்டு புதியதாக இருக்கட்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மட்டும், ஏர் கன் வேண்டாம். பல பிக்கப்களில் இது 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும், உங்கள் மாடலுக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நட்டுதான் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது, ஆகவே அதை இறுக்கி முடிக்காமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது.

டேப்பர் வகையில் இறுக்கம் நேர்மாறானது, ஹப் வகை பழகியவர்கள் இங்கேதான் பேரிங்கை எரிக்கிறார்கள். பேரிங்கை மாற்றும்போது அது உட்காரும் வெளி ரேஸையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய ரேஸில் புதிய உருளை ஓடினால் சீக்கிரம் போகும். ரேஸை அடித்து உட்கார வைக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள், கணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று கனத்த 'டம்' ஆக மாறினால் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸோடு புதியதைக் கலக்க வேண்டாம், முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுழற்றி வேடிக்கை பார்ப்பது ஆபத்தான விளையாட்டு.

பிறகு ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி பேரிங்கை உட்கார வைத்து, இளக்கி, மறுபடி கைவிரல் இறுக்கம் மட்டும் கொடுத்துப் புது ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள். பொதுவாக 0.03 முதல் 0.13 மி.மீ. வரை மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். சில வண்டிகளில், குறிப்பாக ஃபிரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை டிரைவ் ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடக்கூடிய ஹப்) உள்ளவற்றில், ஆட்டமில்லாமல் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து அளவு வைக்கச் சொல்லியிருப்பார்கள், அங்கே கையேடு சொல்வதுதான் சட்டம்.

பின் ஆக்சில் பற்றிச் சுருக்கமாக: பேரிங் போனால் பல சமயம் சீலும் போய் ஆயில் பிரேக் டிரம்முக்குள் வந்துவிடும், அப்போது பிரேக் ஷூவையும் பார்க்க வேண்டும். பேரிங்கை ஒரு வளையம் பிடித்திருக்கும் வகை என்றால் அதுவும் பிரஸ் வேலைதான்.

மாற்றி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். காலிப்பர் பிஸ்டனைத் தள்ளியிருப்பீர்கள், முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள்.

அதுவரை ஓட்டலாமா? வெறும் உறுமல், ஆட்டமே இல்லை என்றால் பாரம் ஏற்றாமல், வேகத்தைக் குறைத்து, வேலை நடக்கும் இடம்வரை போகலாம். கையில் ஆட்டம் தெரிந்தாலோ, ஹப் பொசுக்கும் சூட்டில் இருந்தாலோ வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் சக்கரமே ஹப்போடு கழன்று போவது நடக்கிற விஷயம்தான்.

கழற்றிய வலது பேரிங்கை இன்னும் தூக்கிப்போடவில்லை என்றால் அதைத் துடைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் அது நல்ல பேரிங். நறநறத்தால் உங்களுக்கு இரண்டு பக்கமும் போயிருக்கிறது, அப்போது காரணத்தையும் தேட வேண்டும்: ஆழமான தண்ணீரில் இறங்கியதா, தொடர்ந்து அதிகப் பாரமா, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோ அகல ரிம்மோ போட்டிருக்கிறீர்களா. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர், உலோகம் நீலம் பாய்ந்திருந்தால் சூடு. ஸ்பேசர் இருந்தால் இடது பேரிங்கை மாற்றும் அன்றே அதையும் கழற்றிவிடுங்கள்.