மியன்மாருக்கு யார் போவது?

வணக்கம் ஐயா,

மியன்மாரில் 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, தெருவில் இறங்கிய இளம் பிள்ளைகள் ஐ.நா.வைக் கூப்பிட்டுப் பதாகை பிடித்தார்கள். ஒருவரும் போகவில்லை. வெளிநாடுகள் தலையிடுவது ஏகாதிபத்தியம் என்கிறாள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. அடி வாங்குகிறவன் கூப்பிட்டால் பலம் உள்ளவன் போகத்தானே வேண்டும்? 2009இல் நாங்களும் அப்படித்தானே கூப்பிட்டோம்?

- ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள நண்பருக்கு,

கூப்பிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பிள்ளைகளையும் சரி, எங்களையும் சரி. ஆனால் எங்கள் சனம் என்ன கேட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2008 செப்டெம்பரில், அரசு வெளியேறச் சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்ப ஆயத்தமானார்கள். அவர்களுடைய அலுவலக வாசலில் கூடிநின்று, போகவேண்டாம் என்று சனம் மன்றாடியது. கூட இருங்கள், நடப்பதைக் கண்ணால் பாருங்கள் என்பதுதான் அந்த வாசலில் வைத்த கோரிக்கை. அதுகூடக் கிடைக்கவில்லை. ஐ.நா. கடமை தவறியது என்று அதன் சொந்த மீளாய்வு அறிக்கையே 2012இல் சொன்னது. நாலு வருடம் பிந்தி.

படை வருவது வேறு. அது எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் வயதான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் பரசூட்டில் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலைக் கடைசியில் இந்திய இராணுவம் வந்து இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது. ஒக்டோபர் 10இல் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த அந்தப் படையினர் நோயாளர், வைத்தியர், தாதியர் என்று அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். மாலைக்கும் அந்த ஆஸ்பத்திரி நடைபாதைக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

எங்களைக் காக்க வருகிறார்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் என்ன இருந்தது தெரியுமா? திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள், இலங்கையில் இயங்கும் வெளிநாட்டு வானொலி நிலையங்கள். வந்த சிப்பாய்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த நாடும் படையை அனுப்பும்போது தன் கணக்கையும் சேர்த்தே அனுப்பும்.

2011 மார்ச்சைப் பாருங்கள். 14ஆம் திகதி பஹ்ரெய்னில் ஜனநாயகம் கேட்டுத் தெருவில் நின்ற சனத்தை அடக்க உதவியாக, கடல்மேல் பாலம் தாண்டி சவூதிப் படை வந்தது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவு இருக்கும் நாடு அது, அமெரிக்கா தடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, 17ஆம் திகதி, லிபியச் சனத்தைக் காக்கப் பாதுகாப்புச் சபை 1973ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதனால் பெங்காசி நகரம் தப்பியது. அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் காப்பதற்கென்று போன விமானங்கள் ஆட்சி கவிழும் வரை குண்டு போட்டன. நாடு இரண்டாகப் பிளந்து இன்னும் ஒட்டவில்லை. அந்த ஒக்டோபரிலேயே சிரியா பற்றிய தீர்மானம் வந்தபோது, ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன; ரஷ்யா லிபியாவைக் காட்டியே பேசியது. ஒரு இடத்தில் வரம்பு மீறியதற்கு வேறொரு சனம் விலை கொடுத்தது.

இதைவிடப் பெரிய பாவம், எழும்பு என்று சொல்லிவிட்டுக் கைவிடுவது. 1991 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ், சதாமை இறக்குங்கள் என்று ஈராக்கியருக்கு வெளிப்படையாகவே சொன்னார். மார்ச்சில் தெற்கிலும் வடக்கிலும் சனம் எழும்பியது. சதாமின் ஹெலிகொப்டர்கள் அவர்களை வேட்டையாடின; பக்கத்திலேயே நின்ற அமெரிக்கப் படை அசையவில்லை. வர மனமில்லாதவன் வருவேன் என்று சொல்லக்கூடாது, சாடைகூடக் காட்டக்கூடாது.

அப்போ சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா? இல்லை. மியன்மார் இராணுவம் வெறுங்கையால் கொல்லவில்லை. அங்குள்ள மனித உரிமை நிலைமையைக் கவனித்துவந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொம் அன்ட்ரூஸ் 2023 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த இராணுவம் குறைந்தது 100 கோடி டொலருக்கு ஆயுதமும் அது சார்ந்த பொருட்களும் வாங்கியிருந்தது. ரஷ்யா, சீனா, சிங்கப்பூர், இந்தியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் இருந்துதான் பெரும்பகுதி. அந்த அறிக்கை வந்ததும் சிங்கப்பூர் அரசு விசாரணை தொடங்கியது. அங்கிருந்து ஆண்டுக்கு 11 கோடி டொலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, அடுத்த ஆண்டு ஒரு கோடி அளவுக்கு இறங்கியது. ஒரு சிப்பாய்கூட எல்லை தாண்டவில்லை. ஆனால் அதே ஆண்டில் தாய்லாந்து வங்கிகள் வழியாகப் போன பணம் இரண்டு மடங்கானது. ஒரு ஓட்டையை அடைத்தால் மற்றதால் ஒழுகும்; எல்லாவற்றையும் சேர்த்து அடைக்க வல்லரசுகளால் முடியும். விமான எரிபொருளையும் வங்கிக் கணக்கையும் மறிப்பது அவர்களுக்குத் தெரியாத வித்தையா? நான் கேட்கும் தலையீடு இதுதான்: கொல்லுகிறவனுக்குக் கொடுப்பதை நிறுத்து. உங்கள் மகளிடமும் சொல்லுங்கள், இதை ஏகாதிபத்தியம் என்று தள்ள முடியாது. துப்பாக்கி விற்கிறவன் ஏற்கனவே தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்தது கதவு. எங்கள் சனத்தில் எத்தனை பேர் உயிர் பிழைத்தது கனடாவும் சுவிஸும் கதவைத் திறந்ததால்! 2022 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர்கள் பழுதான படகில் எங்கள் வடகடலுக்கு வந்தார்கள். கடற்படை காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. 2024 டிசெம்பரில் இன்னொரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. அங்குள்ள சனம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. அதே மியன்மார் இராணுவத்தால் துரத்தப்பட்டவர்கள்தான் இவர்களும். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை இன்றுவரை சேரவில்லை. வோஷிங்டனுக்கும் டில்லிக்கும் நாங்கள் எழுதும் மனுக்களோடு, அதில் சேரச் சொல்லிக் கொழும்புக்கும் ஒன்று எழுதவேண்டும். உங்கள் மகள் அதை எழுதுவாள் என்றால் நானும் கையெழுத்திடுகிறேன்.