போத்தலுக்குள் வயது ஏறாது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மைத்துனர் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது, 18 வயது என்று எழுதப்பட்ட ஸ்கொட்லாந்துச் சிங்கிள் மோல்ட் விஸ்கி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். உடைக்காமல் அலுமாரியில் படுக்கவைத்திருக்கிறேன். மகளின் கலியாணம் வரை இன்னும் ஏழு ஆண்டுகள் பொறுத்தால் அது 28 வயது விஸ்கி ஆகிவிடும் அல்லவா?
– வாசகர் ஒருவர், உரும்பிராய்

பதில்: ஆகாது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதை வாசித்து முடிக்கும்வரை காத்திராமல், அந்தப் போத்தலை எடுத்து நிமிர்த்தி வையுங்கள். வைனைப் படுக்கவைக்கும் வழக்கத்தை விஸ்கிக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் பலர். வைனைவிட மூன்று மடங்கு கடுமையான மதுசாரம் ஆண்டுக்கணக்கில் தக்கையை நனைத்துக்கொண்டிருந்தால் தக்கை உளுத்துவிடும். என் வீட்டில் அப்படிக் கிடந்த ஒரு போத்தலைத் திறந்தபோது தக்கை பாதியில் முறிந்து, மீதி தூள்தூளாக உள்ளே விழுந்தது. பருத்தித் துணியில் இரண்டு முறை வடித்தும், நனைந்த கடதாசி மட்டையின் மணம் அதைவிட்டுப் போகவே இல்லை.

இனி வயதுக்கு வருவோம். விஸ்கிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாயில் மட்டுமே. கண்ணாடிக்குள் புகுந்த அன்றே அதன் வயது நின்றுவிடுகிறது. ஸ்கொட்லாந்து விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின்படி, அது 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்கொட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும். சிங்கிள் மோல்ட் என்றால், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செப்புப் பானைகளில் வடித்ததாகவும் இருக்க வேண்டும். உங்கள் போத்தலில் பல பீப்பாய்களின் விஸ்கி கலந்திருக்கலாம். அவற்றுள் மிக இளையதற்கு 18 வயது என்பதே அந்த எண்ணின் பொருள்.

வடித்த கையோடு விஸ்கி தண்ணீரைப் போல நிறமற்றிருக்கும். அதை ஏறத்தாழ 63 சதவீத மதுசாரத்துடன் பீப்பாயில் நிரப்புவார்கள். பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே பேர்பன் விஸ்கிக்கு உட்புறம் கருக்கிய புதிய பீப்பாயையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்பட்டவை ஸ்கொட்லாந்துக்குப் போய்ச் சேருகின்றன. கருகிய அந்த ஓக் மரத்திலிருந்தே வனிலா மணமும் தேங்காயை நினைவூட்டும் ஒரு மணமும் கசிந்து வருகின்றன. ஸ்பெயினின் ஷெரி வைன் ஊறிய பீப்பாயாயின் முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம் போன்ற இனிப்பும் ஆழ்ந்த செந்நிறமும் சேரும். நிறத்தை மட்டும் வைத்து வயதை மதிப்பிட வேண்டாம்; சீனியைக் கருக்கி எடுக்கும் நிறத்தைச் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது.

பீப்பாய் மூச்சுவிடும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போவதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்று அங்கே சொல்வார்கள். இக்கணக்கின்படி 250 லீற்றர் நிரப்பிய பீப்பாயில் 18 ஆண்டுகளின் பின் 175 லீற்றர் அளவே மிஞ்சும். விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஸ்கொட்லாந்தின் ஈரக்குளிரில் நீரைவிட மதுசாரமே கூடுதலாகக் குறைவதால், நாட்பட்ட பீப்பாயை அடிக்கடி அளந்து பார்க்கிறார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதை ஸ்கொட்ச் என்று விற்க முடியாது.

வயது கூடக்கூடத் தரமும் கூடும் என்பதை நான் ஏற்கவில்லை. நல்ல பீப்பாயில் 12 ஆண்டு இருந்தது, பலமுறை பயன்பட்டுச் சத்திழந்த பீப்பாயில் 25 ஆண்டு கிடந்ததைவிட மேலானதாக இருப்பதுண்டு. அளவுக்கு மிஞ்சி மரத்தில் கிடந்தால், கனநேரம் ஊறிய தேயிலைச் சாயத்தைப் போலத் துவர்ப்பு ஏறிவிடும். உங்களிடம் இருப்பது 18 வயது விஸ்கி. கலியாண நாளிலும் அது 18 வயதுதான். இருட்டில், வெப்பம் ஏறாத இடத்தில், நிமிர்ந்த நிலையில் வைத்திருந்தால் அன்றும் அது நன்றாகவே இருக்கும்.

கேள்வி: ஒருவர் ஊற்றித் தந்த விஸ்கியில் புகையும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த மணம் வீசியது. கெட்டுப்போனதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: கெடவில்லை. பார்லியை உலர்த்தும்போது ஏறிய புகையின் மணம் அது. பனங்கள்ளு பாளையிலிருந்து இறங்கும்போதே இனிப்பாக இருப்பதால், சுண்ணாம்பு இடாத முட்டியில் தானாகவே புளித்துவிடுகிறது. பார்லியில் இருப்பதோ மாப்பொருள். அதைச் சீனியாக மாற்றுவதற்காக, விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டுவது போலப் பார்லியை முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூடேற்றி உலர்த்துவார்கள். ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் விறகு அரிது. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த பீற் எனப்படும் கரிமண்ணே அங்கு நெடுங்காலம் எரிபொருளாக இருந்தது. அந்தப் புகையிலுள்ள பீனோல் சேர்மங்கள் தானியத்தில் படிந்து, வடிப்பையும் பீப்பாயையும் கடந்து கிண்ணம்வரை வருகின்றன. பொச்சுமட்டைப் புகை ஊட்டிய நம் புகையிலையின் மணம் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அத்தீவின் தென்கரையிலுள்ள லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய வடிசாலைகள் இந்த மணத்துக்குப் பேர்போனவை. ஆண்டுகள் செல்லச்செல்லப் புகை பின்வாங்கி, பழமும் மரமும் முன்னுக்கு வருவதும் உண்டு.

கேள்வி: சிங்கிள் மோல்டில் தண்ணீர் கலப்பது பிழையா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பிழையில்லை. போத்தலில் அடைக்கும்போதே பெரும்பாலானவற்றுக்கு நீர் சேர்க்கிறார்கள். வாய் குறுகிய கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, முதலில் அப்படியே முகர்ந்து பாருங்கள். பின்பு தேக்கரண்டியால் சில துளி நீர் விட்டால், மூக்கைக் குத்தும் காரம் அடங்கி, அதுவரை மறைந்திருந்த மணங்கள் மேலெழும். நம் கிணற்று நீர் பல இடங்களில் சுண்ணத்தன்மையும் உவர்ப்பும் உள்ளது என்பதால், ஆறவைத்த மழைநீரோ போத்தல் நீரோ பயன்படுத்துங்கள். ஐஸ் போட்டால் அந்த மணங்கள் மறுபடி ஒடுங்கிவிடும்.