வைஃபை முதல் தராசு வரை: லினக்சில் இயக்கிச் சிக்கல்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்து, கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான, டிரைவர் எனப்படும் இயக்கிகளைப் பற்றியே பேசுகின்றன. விண்டோசிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற விரும்பி, பாதி வழியில் நிற்பவர்களின் கடிதங்கள் அவை. ஆகவே இம்முறை வேறு பொருள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் மடிக்கணினியில், 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு நிறுத்தப்பட்ட பிறகு, லினக்ஸ் மின்ட் நிறுவினேன். மற்றவை எல்லாம் நன்றாக இயங்குகின்றன. வைஃபை மட்டும் பட்டியலிலேயே இல்லை. விசாரித்த கடையில், லினக்சுக்கு டிரைவர் சிடி கிடைக்காது, விண்டோசுக்கே திரும்பிவிடுங்கள் என்றார்கள். இணையம் இருந்தால்தான் இயக்கியை இறக்க முடியும். இயக்கி இருந்தால்தான் இணையம் வரும். நான் என்ன செய்வது?
– பள்ளி ஆசிரியை, திருமங்கலம்

பதில்: சிடி கிடைக்காது என்று அவர்கள் சொன்னது சரி, அதனால் விண்டோசுக்குத் திரும்ப வேண்டும் என்பது சரியன்று. விண்டோசில் இயக்கி என்பது பெரும்பாலும் கருவியைத் தயாரித்தவர் தனியே கொடுக்கும் மென்பொருள். லினக்சிலோ, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் என்னும் மையநிரலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான இயக்கிகள் சேர்ந்தே வருகின்றன. உங்கள் தொடுபலகையும் ஒலியும் திரையும் எந்த சிடியும் இல்லாமல் இயங்குவது அதனால்தான். வைஃபை சில்லுகள் மட்டும் அடிக்கடி முரண்டு பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றுள் பல, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலைத் தங்களுக்குள் ஏற்றிக்கொண்டால்தான் உயிர் பெறும். அந்த நிரலை யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்று சில நிறுவனங்கள் உரிமம் தந்துள்ளன, சில தரவில்லை. தராதவற்றை, மின்ட் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் இயல்பாகச் சேர்த்து நிறுவ இயலாது.

எனவே முதலில் உங்கள் சில்லு எது என்று அறிந்துகொள்ளுங்கள். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் அதை ஒட்டி என், என், கே என்ற எழுத்துகளும் இட்டு என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் என்ற சொல் உள்ள பகுதியைப் பாருங்கள். பகர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முன்னது நிறுவனத்தையும் பின்னது சில்லையும் குறிக்கும். 8086 என்றால் இண்டெல் (அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டது), 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் இயக்கி ஏற்கெனவே பொருந்திவிட்டது என்று பொருள். அப்போது முதலில் மடிக்கணினியின் வைஃபை பொத்தானையோ விமானப் பயண நிலையையோ சோதியுங்கள். அந்த வரியே இல்லையென்றால் இயக்கி பொருந்தவில்லை. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், எவரிடம் உதவி கேட்டாலும் ஊகத்துக்கு இடமில்லாமல் பதில் கிடைக்கும். மடிக்கணினியின் மாதிரிப் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஒரே பெயரில் விற்கும் இரண்டு கணினிகளுக்குள் வேறு வேறு வைஃபை அட்டைகள் இருப்பது வழக்கம்.

வயதையும், வைஃபை பட்டியலிலேயே இல்லாததையும் பார்த்தால் உங்களுடையது பிராட்காம் சில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். இணையம் இல்லாத முடிச்சை உங்கள் கைபேசியே அவிழ்க்கும். கைபேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கேபிள்வழி வரும் அந்த இணைப்புக்கான இயக்கி கெர்னலில் உள்ளது. சில நொடிகளில் கணினிக்கு இணையம் வந்துவிடும். பிறகு மின்டின் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அது சில்லைக் கண்டறிந்து உரிய இயக்கியைப் பரிந்துரைக்கும். கைபேசி வழியும் இயலாவிட்டால், நிறுவுவதற்குப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறங்கள்; பிராட்காம் இயக்கியை அதிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும்.

இன்னும் ஒரு படி உள்ளது. பலர் வழுக்கி விழுவது அங்கேதான். கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்னும் காவல் உங்கள் கணினியில் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத இயக்கியைக் கெர்னல் ஏற்றாது. அதற்காக, இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். கணினியை மறுபடி தொடங்கியதும் நீலத்திரை ஒன்று தோன்றும். அதைப் பிழைச்செய்தி என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். சில நொடிகள் எதையும் தொடாமல் இருந்தாலும் அது தானே மறைந்துவிடும். அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, முன்னர் உருவாக்கிய கடவுச்சொல்லைத் தந்தால்தான் கையொப்பச் சாவி பதிவாகும். தவறவிட்டிருந்தால், கணினியின் தொடக்க அமைப்பான பயாசுக்குள் சென்று செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிய வழி.

அடுத்த முறை நிறுவுவதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து லைவ் நிலையில் லினக்சை ஓடவிட்டு வைஃபை, ஒலி, கேமரா, தூக்கநிலையிலிருந்து மீளுதல் ஆகியவற்றைச் சோதியுங்கள். வன்தட்டில் எதையும் மாற்றாமல் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் விண்டோசுடன் சேர்த்து லினக்சையும் நிறுவ முயன்றால், நிறுவும் நிரல் வன்தட்டையே காட்டவில்லை. தட்டு பழுதாகிவிட்டதா?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: விண்டோஸ் இயங்குகிறது என்றால் தட்டு நலமாகவே உள்ளது. இண்டெல் செயலியுள்ள பல கணினிகளில் பயாஸ், சேமிப்பகத்தை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற நிலையில் வைத்திருக்கும். அதை ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றினால் தட்டு தெரியும். ஆனால் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்; மாற்றியபின் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். முதலில், விண்டோஸ் தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்து, விண்டோசை அடுத்த முறை சேஃப் மோட் என்னும் குறைந்தபட்ச நிலையில் தொடங்குமாறு அமைத்து, அதன்பிறகு பயாசில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கினால் விண்டோஸ் உரிய இயக்கியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மேலமாசி வீதிக்கு அருகில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கணினிகள் இரண்டையும் லினக்சுக்கு மாற்றிவிட்டேன். பல ஆண்டுகளாக உழைக்கும் லேசர் பிரிண்டர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பட்டியலில் பெயர் தெரிகிறது, கட்டளை போகிறது, தாள் வரவில்லை. புதிய பிரிண்டர் வாங்குவதென்றால் எதை வாங்குவது?
– கடை உரிமையாளர், மதுரை

பதில்: பிரிண்டரின் மாதிரிப் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்னும் பொதுமொழியைப் புரிந்துகொள்ளும் பிரிண்டருக்கு, எந்த இயங்குதளமும் பக்கத்தை அம்மொழியில் எழுதி அனுப்பலாம். விலையைக் குறைப்பதற்காக அந்த அறிவைப் பொறியிலிருந்து எடுத்துவிட்டு, எழுத்தையும் படத்தையும் புள்ளிகளாக்கும் வேலை முழுவதையும் கணினியின்மேல் சுமத்தும் வகையும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலமாகக் காணப்படும் சிறிய லேசர் பிரிண்டர்களில் கணிசமானவை இவ்வகையே. கணினியில் அந்நிறுவனத்துக்கே உரிய இயக்கி இல்லையென்றால் இவை ஒரு புள்ளியைக்கூட அச்சிடா.

இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். எச்பி லேசர்ஜெட் 1020, மின்சாரம் தரப்படும் ஒவ்வொரு முறையும் கணினியிடமிருந்து ஃபர்ம்வேரைப் பெற்றாக வேண்டும். எச்பிஎல்ஐபி என்னும் தொகுப்பை நிறுவி, அதற்கான கூடுதல் பிளக்இன்னையும் இறக்கிக்கொண்டால் அது நன்றாகவே அச்சிடும். தொகுப்பின் பதிப்பெண்ணும் பிளக்இன்னின் பதிப்பெண்ணும் ஒன்றாக இருப்பது கட்டாயம். மின்தடைக்குப் பின் அச்சு நின்றுவிட்டால், பிரிண்டரை அணைத்து மீண்டும் இயக்கி, ஃபர்ம்வேர் ஏறச் சிறிது நேரம் தாருங்கள். கேனன் எல்பிபி 2900, கேப்ட் என்னும் தனிமொழியைப் பேசுவது. அதற்கு கேனனே லினக்ஸ் இயக்கி வெளியிட்டுள்ளது. ஆனால் அதற்கென ஒரு பின்னணிச் சேவையைத் தொடங்கி வைக்க வேண்டும், பழைய 32 பிட் நூலகங்களும் தேவைப்படும். தன்னார்வலர்கள் அம்மொழியை ஆராய்ந்து எழுதிய திறந்த இயக்கியும் இருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் இரண்டில் ஒன்றை ஓடச் செய்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் காத்து நிற்கும் கடையில், திங்கட்கிழமை காலையில் அந்தப் பொறுமைக்கு இடமிருக்காது என்பதால், ஒரு கணினியை மட்டும் பழைய பிரிண்டருக்காகச் சில மாதம் விண்டோசிலேயே விட்டுவைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

புதிதாக வாங்கும்போது கடைக்காரரிடம் 'லினக்சுக்கு டிரைவர் உண்டா' என்று கேட்காதீர்கள். 'ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் உண்டா' என்று கேளுங்கள். இரண்டுமே தனி இயக்கியின்றி அச்சிடுவதற்கான பொது வழிகள். ஆப்பிள் 2010இல் அறிமுகப்படுத்திய ஏர்பிரிண்ட், தனி இயக்கியின்றிக் கைபேசியிலிருந்து அச்சிடுவதற்காக வந்தது. அதை ஏற்கும் பிரிண்டருக்குப் பொது வடிவில் பக்கத்தை அனுப்பினாலே போதும். லினக்சின் கப்ஸ் அச்சமைப்பு அதைத் தனி இயக்கி எதுவும் இன்றிக் கண்டுகொள்கிறது. ஸ்கேனருக்கும் இதே போன்ற பொது வழியாக இஎஸ்சிஎல் உள்ளது. பணம் செலுத்துவதற்கு முன், உங்கள் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் அதைப் பயனருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு, அதன் மென்பொருளின் மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983இல், யாரும் பகிரவும் மாற்றவும் கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னணியாக இருந்த அனுபவங்களில் அதுவும் ஒன்று. உங்கள் கடையில் நிற்பது போன்ற ஒரு சிக்கலிலிருந்துதான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேரில் ஒன்று கிளம்பியது.

கேள்வி: என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் நிறுவும் பென்டிரைவைத் தொடங்கினாலே திரை கறுத்துவிடுகிறது.
– பொறியியல் மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: முதல் மெனுவில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்து தொடங்குங்கள், எளிய திரைநிலையில் நிறுவிக்கொள்ளலாம். பிறகு டிரைவர் மேனேஜர் வழியாக என்விடியாவின் இயக்கியை இடுங்கள். அந்நிறுவனத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவினால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது மறுபடி திரை கறுக்கக்கூடும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதிகளின் மூலநிரலை வெளியிட்டது. அது டூரிங் எனப்படும் என்விடியா அட்டைத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டும் பொருந்தும். பழைய தலைமுறைகளுள் கெப்லர் அட்டைக்கு 470 வரிசை, பெர்மி அட்டைக்கு 390 வரிசை இயக்கிகளே பொருந்தும். அவ்வளவு பழைய அட்டை என்றால், திறந்த இயக்கியான நூவோவிலேயே இருந்துவிடுங்கள். விளையாட்டுக்கு வேகம் போதாது. படிப்புக்கும் நிரலெழுதவும் போதும்.

கேள்வி: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். மின்னணுத் தராசின் எடை நேரடியாகக் கணினியில் உள்ள பில் கணக்கில் ஏறும்படி என் தம்பி லினக்சில் நிரல் எழுதியிருக்கிறான். யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் ஒரு நொடி தெரிந்து, உடனே மறைந்துவிடுகிறது. இதே கேபிள் விண்டோசில் வேலை செய்கிறது.
– பூ வியாபாரி, மதுரை

பதில்: கேபிளையும் தராசையும் குறை சொல்ல வேண்டியதில்லை. தராசின் ஆர்எஸ் 232 என்னும் பழைய சீரியல் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் அந்தக் கேபிளுக்குள் சிஎச் 340 என்னும் மலிவான சில்லு இருக்கக்கூடும். அதற்கான இயக்கி கெர்னலில் உண்டு. ஆனால் உபுண்டு 22.04 என்னும் லினக்ஸ் வெளியீட்டில், பார்வையற்றோர் பிரெயில் கருவியின் உதவியுடன் கணினியைப் பயன்படுத்துவதற்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரலும் சேர்ந்து வருகிறது. சில பிரெயில் கருவிகளிலும் இதே சில்லு, 1ஏ86:7523 என்ற இதே அடையாள எண்ணுடன் இருப்பதால், அந்த நிரல் உங்கள் தராசைப் பிரெயில் கருவி என்று கருதிக் கைப்பற்றிக்கொள்கிறது. ஒரு நொடி தெரிந்து மறைவது அதன் அடையாளம்.

உங்கள் கடைக் கணினியைப் பார்வையற்றவர் எவரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த நிரலை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். அப்படி ஒருவர் பயன்படுத்துகிறார் என்றால் நிரலை நீக்காதீர்கள். வேறு சில்லுள்ள கேபிளை, எடுத்துக்காட்டாக எஃப்டிடிஐ சில்லுள்ளதை, வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த நிரல்தான் திரை.

இணைப்பு நிலைத்தபிறகு அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால், பில் போடும் பயனரை டயல்அவுட் என்னும் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். வேகம் பல தராசுகளில் விநாடிக்கு 9600 பிட். தராசின் கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நிரலில் 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்ற பெயரை எழுதிவைத்தால், கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது அது 1 என்று மாறிவிட வாய்ப்புண்டு. விடியற்காலை வியாபாரத்தின் நடுவே எடை வராமல் நிற்கும். சீரியல் கோப்புறைக்குள் 'பை ஐடி' என்ற பகுதியில் உள்ள பெயரைப் பயன்படுத்தினால் எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் அந்தப் பெயர் மாறாது.