பி.எஸ்சி. சைக்காலஜியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். பி.எஸ்சி. சைக்காலஜியில்தான் சேருவேன் என்கிறாள். தோழிகள் எல்லாரும் தங்கள் கவலையை அவளிடம்தான் வந்து கொட்டுவார்கள். அதனால் இந்தப் படிப்பு தனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறாள். கணக்கு என்றால் கொஞ்சம் பயம். மூன்று வருடம் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? முடித்ததும் கவுன்சிலிங் சென்டர் வைக்கலாமா? (ஒரு தாய், கரூர்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இளநிலைப் பட்டத்தை மட்டும் நம்பி சென்டர் திறக்கக் கூடாது. கவுன்சிலிங் பற்றி ஒன்றிரண்டு தாள்கள் இருக்கும். ஆனால் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் ஆட்களைச் சந்தித்துப் பழகும் பயிற்சி முதுநிலையிலும் அதற்குப் பிறகும்தான் வரும். மருத்துவ உளவியலாளராக, அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, வேலை பார்க்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இதுவரை வழக்கமாக இருந்த பாதை பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, அதன்மேல் கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். இரண்டு ஆண்டு. ஆக, ஏழு வருடம். இந்த விதிகள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் அவள் முதுநிலைக்குப் போகும்போது அன்றைய நிலவரத்தைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு ஆள். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அந்தப் பக்கம் போனவர்.

இனி படிப்புக்கு வருவோம். தோழிகள் நம்பிப் பேசுகிறார்கள் என்பது நல்ல குணம்தான். ஆனால் முதல் இரண்டு பருவங்களில் அந்தக் குணத்துக்குப் பெரிய வேலை இருக்காது. மூளை, நரம்பு, ஹார்மோன், கண் எப்படிப் பார்க்கிறது, நினைவு எப்படித் தங்குகிறது, எப்படி மறக்கிறது என்றுதான் பாடம் போகும். கூடவே தமிழும் ஆங்கிலமும். ‘மனசைப் பற்றிப் படிக்க வந்தேன், உயிரியல் நடத்துகிறார்கள்’ என்று புலம்பும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம்.

இந்தப் பட்டத்தின் உயிர் பிராக்டிகலில்தான் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். முல்லர்-லையர் சோதனை பல கல்லூரிகளில் உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். உங்கள் மகள் ஒரு வகுப்புத் தோழியை உட்காரவைத்து, இரண்டும் சமமாகத் தெரியும்வரை ஒரு கோட்டை நகர்த்தச் சொல்லி, தவறு எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பாள். ஒரு தடவை செய்தால் போதாது. பாதித் தடவை கோட்டை நீளமாக வைத்துத் தொடங்க வேண்டும், பாதித் தடவை குட்டையாக வைத்து. இடம் வலமும் மாற்ற வேண்டும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கினால் பழக்கத்தால் வரும் தவறு கண்ணால் வரும் தவறோடு கலந்துவிடும், எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் சராசரி, அட்டவணை, முடிவு, விவாதம் எல்லாம் ரெக்கார்டு நோட்டில் ஏறும்.

கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் ‘இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எப்படி அளந்தாய், யாரோடு ஒப்பிட்டாய் என்று கேட்கும் புத்தி இங்கேதான் வருகிறது. என்னைக் கேட்டால், மூன்று வருடக் கட்டணமும் இதற்காகத்தான்.

கணக்குப் பயத்துக்கும் பதில் இதில் இருக்கிறது. புள்ளியியல் உண்டு, தப்பிக்க முடியாது. சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு (correlation), டி-சோதனை (t-test), கை-வர்க்கச் சோதனை (chi-square test) இந்த அளவுக்கு வரும். கால்குலஸ் கிடையாது. வணிகவியலில் புள்ளிவிவரம் கையாண்ட பிள்ளை சமாளித்துவிடும். இந்தத் தாளை ஒதுக்கவும் கூடாது. 2015-இல் ஒரு பன்னாட்டு ஆய்வாளர் குழு, புகழ்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. நாற்பதுக்கும் குறைவானவைதான் முன்பு சொன்ன முடிவைத் திரும்பத் தந்தன. புள்ளியியல் தெரியாதவருக்கு எந்த ஆய்வை நம்புவது என்றே தெரியாது.

இரண்டாம் வருடத்தில் வரும் சமூக உளவியல் அவளுக்குப் பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையை அங்கே படிப்பாள். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அலறினாலும், சோதனையை நடத்தியவர் ‘தொடருங்கள்’ என்றதால் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சுவிட்சை அழுத்தினார்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அலறியது நடிப்பு. ‘நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்’ என்று வகுப்பே சொல்லும். அதே சோதனையை இன்று அப்படியே செய்ய ஏன் அனுமதி கிடைக்காது என்பதும் பாடம்தான்.

வளர்ச்சி உளவியல், ஆளுமை, நிறுவன நடத்தை இவையும் உண்டு. மூன்றாம் வருடம் மனநோய்களைப் பற்றிய பிறழ்நிலை உளவியல் வரும்போது மட்டும் கவனம் தேவை. படிக்கிற நோய் எல்லாம் தனக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இருக்கிறது என்று தோன்றும். வீட்டில் யாருக்கும் நோயின் பெயரைச் சூட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பட்டத்தோடு நிறுத்தினால் மனிதவளம், தொண்டு நிறுவனம், சிறப்புக் குழந்தைகளின் பள்ளியில் உதவியாளர் வேலை என்று தொடங்கலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. மேலே படிக்கப் பணமும் பொறுமையும் இருக்கிறதா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பல கல்லூரிகள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் படித்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன, சில இடங்களில் நிபந்தனை உண்டு. விண்ணப்பக் கையேட்டைப் பாருங்கள். தபால் வழியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியலுக்குச் சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி நிறுத்திவிட்டது. கல்லூரிக்கு நேரில் போகும்போது ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள், போன வருட மாணவரின் ரெக்கார்டு நோட்டு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஆய்வகம் பூட்டியே கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் போய்விடலாம்.

அதற்கு முன்னால், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்பு உளவியல் புத்தகத்தை மகளிடம் கொடுங்கள். அவர்கள் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டாவது அத்தியாயம் ஆய்வு முறைகளைப் பற்றியது. அதை முழுதாக உட்கார்ந்து படித்துவிட்டும் இதே படிப்புதான் வேண்டும் என்றால், தாராளமாகச் சேருங்கள்.