எம்மி ஏன் மாறுகிறார்?

மதிப்பிற்குரிய ஐயா,

ஜேர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் ‘அச்சம் ஆன்மாவைத் தின்னும்’ படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பின் அதைப் பார்த்தேன். கணவரை இழந்த என் சின்னம்மா, தன்னைவிட வயதில் இளைய சிங்களவர் ஒருவரை மணந்தபோது எங்கள் வீட்டார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே, இளைய வெளிநாட்டவரை மணந்த எம்மி என்ற விதவையை ஊரே ஒதுக்கும் முதற்பாதி என்னை உலுக்கிவிட்டது. இரண்டாம் பாதி ஏமாற்றியது. தம்பதியர் விடுமுறையிலிருந்து திரும்பியதும் ஊரே நல்லதாகிவிடுகிறது. அதுவரை அன்பாக இருந்த எம்மி கணவரை அவமதிக்கிறார். இது நம்பும்படியாக இல்லையே?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த இரண்டாம் பாதியே இப்படத்தின் உயிர் என்பேன். விடுமுறை முடிவதற்குள் ஊருக்கு எம்மியால் ஆகவேண்டிய காரியங்கள் வந்துவிடுகின்றன. மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் அறுபது வயது எம்மி, மொரோக்கோவிலிருந்து பிழைக்க வந்த அலியை மணந்தபோது, அலியின் ஜேர்மன் விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லிச் சாமான் கொடுக்க மறுத்த பலசரக்குக் கடைக்காரர், வியாபாரம் படுத்ததும் எம்மியை வலிந்து அழைக்கிறார். மகனுக்கோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். (1955இல் டக்ளஸ் சேர்க் எடுத்த ஹொலிவூட் படமொன்றே இக்கதைக்கு வித்து, அங்கே பிள்ளைகள் விதவைத் தாய்க்குத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசளிக்கிறார்கள், இங்கே தாயின் திருமணத்தைக் கேட்ட மகன் அவருடைய தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறார்.) அலியைப் பற்றிய எண்ணத்தை ஒருவர்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

நெருக்கடி தளர்ந்ததும் தன் மனிதரோடு மீண்டும் சேர்ந்துவிடும் ஆசை எம்மிக்கு வருகிறது. தன் நாட்டு உணவான கூஸ்கூஸ் கேட்கும் கணவரிடம் ஜேர்மன் பழக்கங்களுக்குப் பழகச் சொல்கிறார். வீட்டுக்கு வந்த வேலைத் தோழியரை அலியின் புயங்களைத் தொட்டுப் பார்க்க விடுகிறார். மாடிப்படிக் காட்சியை மறுபடி பாருங்கள். ஒதுக்கப்பட்ட நாட்களில் எம்மி படியில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவதைக் கமரா கைப்பிடிக் கம்பிகளின் ஊடாகக் காட்டுகிறது. பின்னர் அதே கம்பிகளுக்குப் பின்னால், அன்றைய யூகோஸ்லாவியாவின் ஹெர்சகோவினாவிலிருந்து வந்து குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த யொலாண்டா தனியே சாப்பிடுகிறார். இப்போது எம்மி ஒதுக்கும் பெண்களின் பக்கம் இருக்கிறார். கொழும்புத் தமிழர்களாகிய நாம் இக்காட்சியில் நம்மைப் பார்க்கத் துணிய வேண்டும். வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில் பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்டதை மனம் கொதிக்கச் சொல்லும் நம் வீடுகள் சிலவற்றில், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கு இன்றும் தனிக் கோப்பைதான்.

சின்னம்மாவின் வீட்டுக்கு உறவினர் இப்போது போய்வருகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார்கள் என்றால், அவருடைய கணவர் மேசையில் இருக்கும்போதே, தமிழ் விளங்காது என்ற துணிவில் அவரைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். அந்நேரம் சின்னம்மா என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துவிட்டு, எம்மியைப் பற்றி எனக்கு மீண்டும் எழுதுங்கள்.