வாசல் சன்ஷேடில் புறா: இப்போது வலை வேண்டாம்

அபார்ட்மென்ட் வாசலுக்கு மேலே சன்ஷேடில் புறாக் கூடு, உள்ளே இரண்டு முட்டை, படியெல்லாம் எச்சம், உடனே வலை அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முட்டை பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். நடுவில் அடைத்தால் குஞ்சு உள்ளேயே செத்து நாறும். அதுவரை கூட்டுக்குக் கீழே ஒரு பலகை கட்டி எச்சத்தைப் பிடியுங்கள்.

குஞ்சுகள் பறந்ததும் தள்ளிப்போடாதீர்கள், அதே ஜோடி மறுபடி முட்டையிடும். காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுங்கள். அப்புறம் சன்ஷேட் மேல் வழுவழுப்பான தகட்டை 45 டிகிரிக்குக் குறையாத சரிவில் பொருத்துங்கள். புறாவுக்குக் கால் நிற்காது. இரு முனைகளையும் மூட மறக்காதீர்கள், இல்லையென்றால் தகட்டுக்குப் பின்னால் குடியேறிவிடும். வலைதான் என்றால் 50 மி.மீ. கண்ணி போதும், தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

பழைய சிடி, ஆந்தை பொம்மை எல்லாம் வீண். எங்கள் வாசலில் நாலாம் நாளே ஆந்தையின் தலைமேல் புறா உட்கார்ந்திருந்தது!

மாடியில் யாராவது தானியம் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.