ரவிவர்மா படம்னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது, பூஜை ரூம்ல மாட்ட ஒரு பழைய லட்சுமி படம் வாங்கித் தரலாம்னு ஆசை. பழைய மரச்சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட தேக்கு ஃபிரேம் போட்ட ரவிவர்மா லட்சுமி இருக்கு, 22 ஆயிரம் சொல்றாரு. செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சப்ப வந்ததாம், கீழ ரவிவர்மா கையெழுத்து கூட இருக்கு. வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. மொதல்ல அந்தக் கையெழுத்தை மறந்துடுங்க. அது அவர் கையால போட்டது இல்ல, படத்தோட சேர்ந்தே அச்சானது, போன வாரம் அடிச்ச காப்பியிலயும் அப்படியேதான் இருக்கும்.

ரவிவர்மா கையால வரைஞ்ச ஆயில் பெயின்டிங் எல்லாம் அரண்மனைக்கும் பெரிய வீடுங்களுக்கும் போயிடுச்சு, நம்மள மாதிரி வீடுங்களுக்கு வந்து சேந்தது அச்சுப் படம்தான். 1894ல பம்பாய்ல பிரஸ் ஆரம்பிச்சாரு, மொதல்ல வந்தது சகுந்தலை பிறப்பு. அப்புறம் 1899ல லோனாவ்லா பக்கத்துல மலாவ்லிக்கு மாத்துனாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துலயே அங்க வேலை பாத்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரர்கிட்டயே பிரஸ்ஸை வித்துட்டாரு. சினிமா எடுக்கறதுக்கு முன்னாடி தாதாசாகேப் பால்கே வேலை பாத்ததும் இந்தப் பிரஸ்லதான். ரவிவர்மா 1906ல காலமாயிட்டாரு, ஆனா பிரஸ் அவருக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு, சோப்பு கம்பெனி காலண்டருக்கெல்லாம் அந்தப் படங்க போச்சு. அதனால ரவிவர்மா பிரஸ் படம்னு சொன்னா மட்டும் போதாது, எப்ப அடிச்சதுன்னு கேக்கணும், ரேட்டு அதுலதான் இருக்கு.

அதுக்கு ஃபிரேமைக் கழட்டியே ஆகணும். பிரஸ் பேரு, ஊரு எல்லாம் படத்துக்குக் கீழ மார்ஜின்ல பொடி எழுத்துல இருக்கும், பாதி நேரம் ஃபிரேம் போட்டவரு அதை வெட்டியிருப்பாரு, இல்லன்னா பீடிங்குக்கு, அதான் ஓரத்துல அடிக்கிற மரப்பட்டைக்கு, அடியில ஒளிஞ்சிருக்கும். கழட்ட மாட்டேன்னு சொன்னா வேற பேச்சே வேணாம், கெளம்பிடுங்க.

கழட்டுனதும் லென்ஸ் வெச்சு பாருங்க. வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டிக்கிற லென்ஸ் இருக்கே, அது போதும். லட்சுமியோட கன்னத்தையும், யானை தும்பிக்கையில இருக்கிற மாலையையும் பாருங்க. அந்தக் காலத்துல கல்லச்சுன்னு ஒரு முறை, ஒவ்வொரு கலருக்கும் தனியா ஒரு சுண்ணாம்புக் கல்லு, அதுல எண்ணெய்ப்பசை மையால ஆள் உக்காந்து கையால புள்ளி புள்ளியா வைப்பாங்க, கல்லை ஈரமாக்கி மை தடவுனா எண்ணெய்ப்பசை இருக்கிற எடத்துல மட்டும் மை புடிக்கும், தண்ணி இருக்கிற எடம் மையைத் தள்ளிவிட்டுடும். அதனால நெசமான பழைய படத்துல புள்ளிங்க கோலப்பொடி தூவுன மாதிரி சின்னதும் பெருசுமா தாறுமாறா இருக்கும். இப்ப அடிக்கிற ஆஃப்செட்ல புள்ளி வரிசை பிசகாது, நாலே கலரு, குட்டிப் பூ மாதிரி வட்டம் வட்டமா தெரியும். அதைப் பாத்துட்டீங்கன்னா மேல எத்தன வார்னிஷ் அடிச்சிருந்தாலும் புதுசுதான். மேல தடவிப் பாத்தா கேன்வாஸ் மாதிரி சொரசொரப்பு இருக்குன்னு காட்டுவாங்க, பழைய படத்துலயும் ஆயில் பெயின்டிங் மாதிரி தெரியணும்னு அப்படி அழுத்தி வார்னிஷ் பூசுனது உண்டு, ஆனா இப்பவும் அதைப் பண்ணலாம், அதை மட்டும் நம்பாதீங்க.

அடுத்து ரூபா நோட்டு செக் பண்ற ஊதா லைட். பேப்பர் பளிச்சுனு நீலமா ஒளிர்ந்தா அதுல வெளுப்பு கெமிக்கல் இருக்கு, அது பேப்பர்ல பரவலா வந்தது 1950 வாக்குலதான். ஒளிரலன்னா பழசுன்னு அர்த்தம் இல்ல, ஆனா ஒளிர்ந்தா நூறு வருஷக் கதை அங்கயே முடிஞ்சுது.

பின்பக்கமும் பாருங்க. நெசமா பழசுன்னா பின்னாடி அடிச்ச பலகையோட இடுக்கு பேப்பர்ல கோடா பழுப்பேறி நிக்கும், பீடிங்குக்கு அடியில இருந்த ஓரம் மட்டும் கலர் மங்காம இருக்கும். டீத்தண்ணியில முக்குனது முன்னும் பின்னும் ஒரே பழுப்பா இருக்கும். ஃபிரேம் நெசமாவே பழைய தேக்கா இருக்கலாம், உள்ள இருக்கிறது புதுசா இருக்கலாம், அப்ப ஃபிரேமுக்கு மட்டும் வெல பேசுங்க. புடவையில ஜரிகை, சமிக்கி வெச்சுத் தெச்சிருந்தா கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அந்தக் காலத்துல படத்துக்குத் துணி உடுத்தி அலங்காரம் பண்ற வழக்கம் இருந்துச்சு, எனக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும்.

எல்லாம் சரியா இருந்தா பில்லுல “ரவிவர்மா பிரஸ் கல்லச்சு, மறுபதிப்பு இல்ல”ன்னு எழுதி வாங்குங்க. வாங்குனப்புறம் லேமினேஷன் மட்டும் போட்டுடாதீங்க, படமே போயிடும். நம்ம பக்கம் கடல்காத்து, ஈரச் செவுத்துல ஒட்டி மாட்டுனா பூஞ்சை புடிக்கும், பின்னாடி கொஞ்சம் எடைவெளி விடுங்க.

பூஜைக்குத்தான்னா இன்னொரு யோசனையும் இருக்கு. கோவில்பட்டி கொண்டைய ராஜு, மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவரு, அவர் வரைஞ்ச சாமி படங்க சிவகாசியில அச்சாகி காலண்டரா தமிழ்நாடு பூரா போச்சு. உங்க அப்பா அம்மா சின்ன வயசுல கும்புட்ட முகம் அதுவாத்தான் இருக்கும், வெலையும் பெரும்பாலும் கம்மி.

கேள்வி: ராயபுரத்துலேர்ந்து எழுதறேன். டேனியல் வரைஞ்ச செயின்ட் ஜார்ஜ் கோட்டை, 200 வருஷ ஒரிஜினல்னு ஆன்லைன்ல 6,500 ரூபாக்கு வாங்குனேன். வந்தது கெட்டி பேப்பர்ல சாதா பிரின்ட். திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க.

பதில்: விடாதீங்கம்மா. இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியலும் அவரோட சகோதரர் மகன் வில்லியமும் 1795லேர்ந்து 1808 வரைக்கும் லண்டன்ல வெளியிட்ட 144 இந்தியக் காட்சிப் படம், செப்புத் தகட்டுல அச்சடிச்சு கையால கலர் பூசுனது. மை தூத்தல் மாதிரி பொடிப்பொடியா பிரின்டர் புள்ளி தெரிஞ்சா அது கண்டிப்பா அந்தப் படம் இல்ல, லென்ஸ் மேல செல்லை வெச்சு ஃபோட்டோ எடுங்க, அதுவே சாட்சி. இல்லாததை இருக்குன்னு சொல்லி விக்கிறது 2019 நுகர்வோர் சட்டப்படி தப்பு. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்துல அனுப்புங்க, மசியலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். “ஒரிஜினல்”னு போட்டிருக்கிற விளம்பரத்தை அவங்க டெலீட் பண்றதுக்கு முன்னாடி இன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க.